நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன்

அத்திபெலே,
சனிக்கிழமை

என்னவருக்கு,

லாவண்யா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் செல்ல மகள் ஸ்னேஹாவும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனில் இரண்டு நிமிடம் உங்கள் குரலைக் கேட்டுவிட்டேன், அது போதும். பேசினால் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாராமே. நல்ல காரியம் செய்தார். எனக்கும் கடிதம்தான் வசதி. குறுக்கே பேசமாட்டீர்கள்.

முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டு விடுகிறேன். லீவு முடிந்து பனிமலைக் காவலுக்குக் கிளம்பிய அன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போட்டோமே ஒரு சண்டை, அதில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். போதுமா?

நான் என்னவெல்லாம் பேசினேன்! எங்கள் தொழிற்சாலை ஹேங்கரில் தயாராகும் புது ஹெலிகாப்டர் இருட்டிலும் பார்க்கும், தரையில் இருக்கும் உங்கள் ஆட்களைச் சுடுகிறவனைத் தேடிப் பிடித்து அடிக்கும், தன் மேல் குண்டு பட்டாலும் தாங்கும் என்று அடுக்கினேன். உங்கள் பழைய ஹெலிகாப்டர் வெறும் கண்ணாடிக் கூண்டு, நம் வீட்டு டிவிஎஸ் ஃபிஃப்டி மாதிரி, மியூசியத்துக்குப் போக வேண்டியது என்றேன். டிவிஎஸ்ஸைச் சொன்னதும் உங்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்களோ, துணை என்றால் சுடுவது மட்டும்தானா, மண்ணெண்ணெயும் கடிதமும் கொண்டுவந்து, முடியாதவனைத் தூக்கிக்கொண்டு போவதும் துணைதான், ஒரு பாய் விரிக்கிற இடத்தில் அது உட்காரும், உன் புதுசு உட்காருமா என்று கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினீர்கள். பதினெட்டு நாள் ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ரோஷம்.

இனி எழுதுவது உங்களுக்குத் தெரியாதது. கோபப்படாமல் படியுங்கள். டாக்டர் கோபப்படக் கூடாது என்றும் சொல்லியிருப்பார்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் வரைந்து, அதன் மேலேயே மாட்டி வைத்திருப்போம். எடுக்கிறவர் அந்த இடத்தில் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். கருவி திரும்பி வந்தால்தான் டோக்கன் கைக்கு வரும். பலகை நிறையாமல் ஹெலிகாப்டர் வெளியே போகக் கூடாது. ஷிப்ட் முடிவில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் பத்தாம் நம்பர் ஸ்பேனரின் இடம் காலி. அங்கே தொங்கியது நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன். என்னுடையது.

பதினாறு வருஷத்தில் முதல் தடவை. எங்கே வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கை வேலை செய்துகொண்டிருந்தது, மனசு பஸ் ஸ்டாண்டில் நின்று உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஞாயிறு முழுக்கத் தேடினோம். திங்கள் காலை கிளம்பி உங்கள் மலையடிவார முகாமுக்கு வர வேண்டிய ஹெலிகாப்டர் அது. மேலாளர் சீனிவாசராகவன் சார் நல்ல மனுஷர்தான், ஆனால் மேலிடத்திலிருந்து போனுக்கு மேல் போன். ஸ்பேனர் யார் பையிலாவது வீட்டுக்குப் போயிருக்கும், கையெழுத்துப் போடுங்கள், பிறகு தேடலாம் என்றார். முடியாது என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பனிமலையிலிருந்து உங்கள் நண்பர் கண்ணா அண்ணன் கூப்பிட்டார். உங்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, கீழே இறக்கியாக வேண்டும், இரண்டு நாளாக மேகமும் காற்றும், ஹெலிகாப்டர் வருவதும் திரும்புவதுமாக இருக்கிறது என்றார். பெங்களூரிலிருந்து புதுசு ஒன்று வருவதாகச் சொன்னார்கள், அதைத்தான் நம்பியிருக்கிறோம் என்றார்.

அந்தப் புதுசு என் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அப்போது கிளம்பினால் புதன்கிழமை உங்களிடம் சேரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேனாவை எடுத்தேன். மூடியையும் திறந்துவிட்டேன். கூட வேலை செய்யும் லீனாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தடுக்கவில்லை, திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"இதுலதான உங்க வீட்டுக்காரர ஏத்தப் போறாங்க, லாவண்யா?"

பேனாவை மூடிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். திங்கள் ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. ஸ்னேஹாவை மாடி வீட்டுக் கோமளம் மாமி பார்த்துக்கொண்டார். செவ்வாய் காலை ஒன்பதரைக்குக் கிடைத்தது. விமானியின் கைப்பிடியிலிருந்து மேலே விசிறிக்குப் போகும் கம்பிகளுக்குப் பக்கத்தில், ஒரு மடிப்பில், படுத்துக்கொண்டிருந்தது. வழியில் ஒரு குலுங்கல் போதும், கம்பிகளுக்கு நடுவில் மாட்டியிருக்கும். கைப்பிடி அசைந்திருக்காது. சீனிவாசராகவன் சார் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. ஹெலிகாப்டர் பிழைத்தது, நீங்கள் என்ன ஆனீர்கள் என்று தெரியவில்லையே.

மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணா அண்ணன் மறுபடி கூப்பிட்டார். பத்து நிமிடம் மேகம் விலகியதாம். பழசு வந்துவிட்டதாம். எடை குறைய வேண்டும் என்று ஒரு இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே விமானி, எரிபொருளும் பாதிதான். பாறை விளிம்பில் ஒரு பக்கக் கால் மட்டும் தரையில், மறு பக்கம் அந்தரத்தில். அப்படியே நிற்க, உங்களை உள்ளே தூக்கிப் போட்டார்களாம். எங்கள் புதுசு அங்கே வந்திருந்தாலும் இறங்க இடமிருந்திருக்காது என்று அண்ணன் சொன்னார். கேட்டுக்கொண்டே ஹேங்கர் தரையில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன். செக்யூரிட்டி ஓடி வந்து, "ஏனாயித்து மேடம்?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் பதறிப்போனார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டார் என்று சொன்னேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

புதுசை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்களை யாராவது சுட்டால் அதுதான் வர வேண்டும், வரும். புதன்கிழமை மறு சோதனையும் முடிந்து, பலகையும் நிறைந்த பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இப்போது உங்கள் அடிவார முகாமில்தான் நிற்கும். கவனக்குறைவுக்கு என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள். என் தப்புதான் என்று எழுதிக் கொடுத்தேன். யாரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் எழுதவில்லை. நாளைக்கு லீனாவோடு ரிச்சர்ட்ஸ் டவுன் போகிறேன், அவள் சர்ச்சில் உங்களுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

உடம்பு தேறியதும் மறுபடி மேலே போவேன் என்று அந்த இரண்டு நிமிடத்திலும் சொன்னீர்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், என்றைக்குச் சொன்னேன்? டாக்டர் லீவு கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் போன அன்றிலிருந்து டிவிஎஸ் சாவி வாசல் ஆணியில் தொங்குகிறது. ஸ்னேஹா எடுக்க வந்தாள், தொடாதே என்றேன். அது உங்கள் டோக்கன். ஆளைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தோற்றுப்போன சந்தோஷத்தில்,
உங்கள் லாவண்யா