ஒரு தலையும் இரண்டு கட்டடங்களும்

அக்கா,

மகளுக்கு நேற்றிலிருந்து இருமல். ஆண்டாப் ஹில்லில் எங்கள் தெரு முனை டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். போதை தருவது எதுவும் அதில் இல்லையே என்று கேட்டுக்கொண்டுதான் வாங்கினேன். இருந்தாலும் மூடியைத் திருகியதும் பழ மிட்டாயும் கசப்பும் கலந்த அந்தப் பழைய வாசனை வந்துவிட்டது. அவளுக்குக் கொடுத்து முடித்ததும் பாட்டிலை எதிர்வீட்டு நஸீமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வேளைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்காதவர்களாகப் பார்த்துக் கொடுத்து வைக்கச் சொன்னது நீங்கள்தான்.

முதல் நாள் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. தாராவியில் நாங்கள் இருந்த சந்துக்குக் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தீர்கள். ஏதோ தொண்டு அமைப்பு அனுப்பியதாகவும் எனக்கு நீங்கள் கோச் என்றும் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த கோச் ரயில் பெட்டிதான் என்றேன்.

"அதேதான்ட்டி," என்று சிரித்தீர்கள். "நான் லேடீஸ் டப்பா. நசுங்கிக்கிட்டாவது ஏறிக்கோ. ஆனா எங்க இறங்கணும்னு நீதான் பாத்துக்கிடணும்."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை. மகள் பிறந்த சில மாதங்களில் எனக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கியிருந்தன. யாரோ சிலர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசுவார்கள். இவ கையில பிள்ள தங்காது என்பார்கள். ஒரு சளிக் காலத்தில் இருமல் சிரப் குடித்தபோது அவர்கள் அடங்கினார்கள். அதன்பிறகு சளி இல்லாமலும் குடித்தேன். அளவு கூடிக்கொண்டே போனது. கடைசியில் என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவண்டியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார்.

நீங்கள் எனக்குப் புத்தி சொல்லவில்லை. உங்கள் கதையைத்தான் சொன்னீர்கள். "எனக்கும் மனசு வியாதி, போதை ரெண்டும் உண்டு. கொஞ்ச நாள் பறப்பேன், அப்புறம் பாயோட பாயா கிடப்பேன். ரெண்டுக்கும் நடுவுல பிராந்தி." அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதால்தான் உங்களோடு பஸ் ஏறினேன்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு ஒரு கட்டடம், போதை மறுவாழ்வுப் பிரிவு இன்னொரு கட்டடம். முதல் கட்டடத்தில், சிரப்பை விட்டுவிட்டு வா என்றார்கள். இரண்டாவதில், குரல் கேட்கிறதென்றால் முதலில் அங்கே போய்ச் சரிசெய்துகொள், தவிர இங்கே பெண்களுக்குப் படுக்கை இல்லை என்றார்கள். நடுவில் இருந்த வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் என் கையைப் பிடித்து மறுபடி முதல் கட்டடத்துக்கே இழுத்துப் போனீர்கள். உள்ளே இருந்த இளம் டாக்டரம்மாவிடம், உங்கள் கொச்சை இந்தியில், "இவளுக்கு ஒரே தலைதான் டாக்டர். ரெண்டு கட்டடத்துக்கும் எப்படிப் பிரிச்சு அனுப்புறது?" என்று கேட்டீர்கள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து அடுத்த கட்டடத்தை அழைத்தார். என் வைத்தியம் அப்படித்தான் தொடங்கியது.

ஒருமுறை நான் மறுபடி விழுந்தேன். கோவண்டிக்குப் போய் வாசலில் நின்று, மகளைப் பார்க்க முடியாமல் திரும்பிய நாள். பாட்டிலைக் காலி செய்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன். வந்தீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"முதல்ல பாட்டில் வந்துச்சா, சத்தம் வந்துச்சா?"

"சத்தம்."

"அதுக்கு முன்னாடி?"

யோசித்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் மாத்திரையை நிறுத்தியிருந்தேன். தூக்கம் வருகிறது, தையல் வேலை ஓடவில்லை என்று நானாகவே நிறுத்திவிட்டேன்.

"அப்ப நீ இன்னைக்கு விழலட்டி. அன்னைக்கே விழுந்துட்ட. இன்னைக்குத்தான் வலிக்குது," என்றீர்கள். மறுநாளே என்னை அழைத்துப்போய், தூக்கம் குறைவாக வரும் மாத்திரையாக மாற்றி வாங்கித் தந்தீர்கள். அதன்பிறகு நான் விழவில்லை. மறு வருஷத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் மகளை என்னிடம் விட ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் இவ்வளவு தெரிந்த உங்களுக்கு அது எப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை அக்கா. குடியை விட்டவர்கள் கூடும் உங்கள் கூட்டத்தில் எவரோ ஒருவர், மாத்திரையும் ஒரு நஷாதான், போதைதான், அதைப் போடுகிறவர் முழுசாக விட்டவர் ஆகமாட்டார் என்று சொன்னாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். நீங்கள் யாரிடமும் சொல்லாமல் உங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள்.

முதலில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஓய்வே இல்லாமல் பேசினீர்கள், சிரித்தீர்கள், சந்துப் பெண்கள் எல்லாருக்கும் கண்ணாடி வளையல் வாங்கி வந்தீர்கள். பிறகு ஒருநாள் போனை எடுக்கவில்லை. மாஹிமில் உங்கள் அறைக்கு வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். பிராந்தி வாடை. உங்கள் அமைப்பில் குடித்தவருக்கு வேலை இல்லை என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்களாம்.

"என்னைப் பாக்காதட்டி. போ," என்றீர்கள்.

நான் போகவில்லை. உங்களைத் தோளில் சாய்த்து அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். இருந்தவர் முகத்தை நிமிர்த்தாமலே, முதலில் குடியை நிறுத்தட்டும் என்றார். ஒரே தலைதான் என்று நானும் சொன்னேன். உங்களைவிட நல்ல இந்தியில் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அடுத்த மாதம் வரச்சொல்லி ஒரு தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தத் தேதி வருவதற்குள் நீங்கள் ரத்த வாந்தி எடுத்தீர்கள்.

வார்டில் உங்கள் கண்கள் மஞ்சளாக இருந்தன. என்னை அடையாளம் தெரிகிறதா என்று சந்தேகமாக இருந்தது. உதட்டை அசைத்தீர்கள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மாத்திரை போட்டியாட்டி?"

காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் போட்டிருக்கவில்லை. பையிலிருந்து எடுத்து, உங்கள் தலைமாட்டுத் தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். என் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள்.

காகிதத்தில் கல்லீரல் என்று எழுதினார்கள். மனசைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் உங்கள் உறவுக்காரர் ஒருவர், "குடிச்சே செத்தா. இவதான் ஊரைத் திருத்தப் போனாளாம்," என்றார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். "நான் இருக்கேன்லா," என்றேன். அவருக்குப் புரியவில்லை. வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

நீங்கள் போன பிறகு, மாத்திரை போட்டியா என்று என்னை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் காலையில் மாத்திரையை விழுங்கியதும் "போட்டாச்சுக்கா" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொன்னால்தான் வேலைக்குக் கிளம்ப முடிகிறது. போன வாரம் மகள் அதைக் கேட்டுவிட்டாள். "யாருட்ட பேசுத மம்மி? அங்க யாரும் இல்லையே?" என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. அவள் அப்பா என்னைப் பார்த்துப் பயந்த நாளிலும் இதே முகம்தான். கோவண்டியில் போய் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த சனிக்கிழமை அவளை அனுப்பமாட்டார்கள்.

அதனால் அவள் இங்கே இருக்கும் நாட்களில் மட்டும் வாயைத் திறக்காமல் சொல்கிறேன் அக்கா. இன்று காலையும் அப்படித்தான் சொன்னேன்.