முப்பத்தைந்து அடிக்கு மேல்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா ஆர்டிஸ் எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் தெரிந்துகொண்டேன், இருமல்தான் இன்னும் விடவில்லை போலிருக்கிறது, சியாட்டில் மழையில் தலையைத் துவட்டாமல் திரியாதே. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. போனிலேயே சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் கடிதம். இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு நம் நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுகிறேன் என்றாயே, இதை முழுக்கப் படிக்காமல் உன் முதலாளியிடம் வாயைத் திறக்காதே.

ஜூன் மாதப் புயலில் நம் ஏற்றுக் கோபுரம் சாய்ந்தது உனக்குத் தெரியும். ஈரச் சோளத்தை உச்சிக்குக் கொண்டுபோய் உலர்த்திக்குள் தள்ள அது இல்லாமல் நமக்கு அறுவடையே கிடையாது, ஈரத்தோடு டவுன் கிடங்குக்கு ஓட்டினால் அங்கே வரிசையில் நின்றே சூடேறிக் கெட்டுப்போகும். புதிதாக நிறுத்தக் கவுண்டி நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விளைநிலத்தில் முப்பத்தைந்து அடிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது என்று விதி, விவசாயி தன் சொந்த விளைச்சலுக்காகக் கட்டுவதற்கு மட்டும் விலக்கு, அவன் வானம்வரைக்கும் கட்டிக்கொள்ளலாம். வாரிய விசாரணைக்கு வண்டியில் போகும்போதே படித்துப் படித்துச் சொன்னேன், "என் நிலம், என் சோளம்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்" என்று. "எனக்குத் தெரியாதா?" என்றார். தெரிந்த லட்சணத்தைக் கேள்.

நம் கிழக்கு வேலியை ஒட்டிப் புது வீடு கட்டியிருக்கிற பிரெஸ்காட் அம்மாள் முதலில் எழுந்தாள். அவளுக்குச் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமாம், அதற்காகத்தான் நகரத்தை விட்டு வந்தாளாம், நம் கோபுரம் நடுவில் நின்று மறைக்குமாம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, "ஒரே ஒரு குடும்பத்தோட சோளத்துக்கு இவ்வளவு உயரம் எதுக்குங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள். உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒரு குடும்பமா? மழை பேஞ்ச வருஷமெல்லாம் இந்தப் பக்கத்துல பாதிப் பேரோட சோளத்தை நான்தாம்மா காயவச்சுக் குடுக்கிறேன், யார்கிட்டயும் ஒத்தைக் காசு வாங்கினதில்ல" என்றார். நல்லது செய்கிற மனுஷன் என்று எல்லோரும் கை தட்டுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. அங்கே உட்கார்ந்திருந்த கவுண்டி அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அப்படியானால் இது சொந்த விளைச்சலுக்கு இல்லை, ஊருக்கான தொழில் அமைப்பு, விலக்குப் பொருந்தாது என்றான். காசு வாங்கவில்லை என்கிறேனே என்றார் இவர். பதிலுக்கு வேறு ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டான். இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? "இதோ உக்காந்திருக்கிற ஆர்வல் மட்டும் வருஷா வருஷம் அரைப் பன்னி தருவான்" என்று சர்ச்சில் சாட்சி சொல்வதுபோல் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தக் கூடத்தில் நம் உலர்த்தியில் சோளம் காயவைக்காதவர்கள் என்று பார்த்தால் பிரெஸ்காட் அம்மாளும் அதிகாரியும்தான். ஒருவராவது எழுந்து வென்டல் எங்களுக்குச் செய்தது உபகாரம், வியாபாரம் இல்லை என்று சொல்ல வேண்டாமா? எல்லோரும் அவரவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாரியத்தில் உட்கார்ந்திருந்த ஆர்வலும் வேண்டாம் என்றுதான் கை தூக்கினான். முடிந்ததும் வந்து, "சட்டம்னா சட்டம் வென்டல், என் கையில என்னப்பா இருக்கு?" என்றான். அவன் கையில் நான் சுட்டுக் கொண்டுபோன ரூபார்ப் கேக் இருந்தது. தட்டைச் சுரண்டித் தின்றுவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

வக்கீல் வைத்து மேல்முறையீடு செய்யலாம் என்றேன். என் நிலத்தில் ஒரு கம்பத்தை நிறுத்த இனி எவன் காலிலும் விழ மாட்டேன் என்று சொல்லிவிட்டு மனுஷன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஆர்வல் வந்தான், வண்டியை விட்டு இறங்காமலேயே ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு பேசினான். அவனும் ஒரு கோபுரத்துக்கு மனுப் போட்டானாம், நம்முடையதைவிட உயரமாம், "என் சோளத்துக்கு மட்டும்னு சொன்னேன், ரெண்டே நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்க" என்று சிரிக்கிறான். அதனால் அடுத்தவர் சோளத்தை இனி அவனால் தொட முடியாதாம், வருத்தமாக இருக்கிறதாம். "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டா அதுல நிக்கிறது என் சோளமாயிடும், அப்ப காயவைக்கலாம், யோசிச்சுப் பாரு" என்றான். நன்றி கெட்ட ஜென்மம். நானாயிருந்தால் வண்டிச் சாவியைப் பிடுங்கி வயலில் எறிந்திருப்பேன். உன் அப்பா உள்ளே வந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் நீட்டிய குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பத்து வருஷத்துக்கு. சோளம் நின்றபடியே அழுகுவதைப் பார்க்க என்னால் ஆகாது ஆர்டிஸ் என்றார். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை, இனி எந்தச் சர்ச் விருந்துக்கும் நான் அடுப்பைப் பற்றவைக்கப் போவதில்லை.

ஆகவே வேலையை விடாதே கண்ணே. வந்தாலும் உனக்கு ஓட்ட ஒரு வயல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வா, படுக்கை இருக்கிறது, வேண்டியதைச் சமைத்துப் போடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, குளிர் வருமுன் காருக்கு டயர் மாற்று. ஆண்டவர் உன்னை எந்த ஊரில் வைத்தாலும் கைவிடாமல் வைத்திருக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. இதையெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை அவரே உனக்குப் போனில் சொல்லப் போகிறார். டிராக்டர் கொட்டகையில் தனியாக நின்று எப்படிச் சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார், ஒரு தடவைகூடக் கடைசிவரை போகவில்லை. முதல்முறையாகக் கேட்கிறவள் மாதிரி கேள். அவர் முடிக்கிறவரைக்கும் அழாதே.

உன் அம்மா,
ஆர்டிஸ்