படத்தில் ஆளைக் காணோம்

ஜூன் 3

வாத்தியாரம்மாவுக்கு டிரைவர் எழுதுவது,

நலமா? போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். என் இதய வால்வு ஆபரேஷனை மறுபடியும் தள்ளிவிட்டார்கள். தள்ளுவண்டியில் படுக்கவைத்து அந்த நீளத் தாழ்வாரத்தில் உருட்ட ஆரம்பித்ததும் பிரஷர் எகிறிவிடுகிறது. இனியும் தள்ளிப்போட்டால் வால்வு தாங்காது என்கிறார் டாக்டர்.

பயம் தெளிய வி.ஆர். கண்ணாடி என்று ஒன்றை மாட்டிவிட்டார்கள். திரும்புகிற பக்கமெல்லாம் வேறோர் இடம் தெரிகிறது. நர்ஸ் பெண் மலைப்பாதையில் கார் போகிற படம் போட்டாள். ஸ்டியரிங்கில் ஆளே இல்லை! காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் சும்மா இருப்பேனா? வளைவு வந்ததும் பிரேக்கை மிதித்தேன். மருந்துத் தட்டு பறந்தது. "சார், உங்களுக்கு எதப் பாத்தாத்தான் மனசு அடங்கும்?" என்றாள்.

நீ வர வேண்டியதில்லை. தெரிவிக்கத்தான் எழுதினேன். லீவு போட்டுச் சிரமப்படாதே. வர வேண்டாம்.

இப்படிக்கு,
டிரைவர்

ஜூன் 6

டிரைவர் சாருக்கு,

ஒரே கடிதத்தில் இரண்டு தடவை வர வேண்டாம் என்று எழுதினால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? படித்ததிலிருந்து போர்டில் எழுதியதையே மறுபடி எழுதுகிறேன். பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள்.

"போனா இந்தப் பக்கம் வராதே" என்று சொன்னது நீங்கள். மாற்றல் வாங்கி இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீடு எப்படி என்றுகூடக் கேட்டதில்லை. இப்போது பாருங்கள். கம்ப்யூட்டர் டீச்சரிடம் சுற்றிலும் படம் பிடிக்கிற கேமரா இருக்கிறது. அதை வாங்கி என் அறை நடுவில் வைத்து எடுத்து, உங்கள் நர்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன். நல்ல வெளிச்சம், ஜன்னலோரம் ஒரு மரம். பார்த்துக்கொண்டே நிதானமாக மூச்சு விடுங்கள். மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்காதீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

வாத்தியாரம்மா

ஜூன் 9

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

வீடு நன்றாக இருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது, திரைச்சீலை ஆடுகிறது, கட்டிலில் உன் பை கிடக்கிறது. உன்னைத்தான் காணோம். கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பித் தேடினேன்.

"யார சார் தேடுறீங்க?"

"இந்த வீட்டுக்காரியத்தாம்மா. பக்கத்துல எங்கயாவது போயிருப்பா."

பிரஷர் ஏறி, நர்ஸ் அவசரமாகக் கழற்றிவிட்டாள். கேமராவை வைத்துவிட்டு நைசாக வெளியே போய்விட்டாய், அப்படித்தானே? போட்டோ என்றாலே நழுவுகிற புத்தி இன்னும் போகவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீ போன பிறகு டூட்டி முடிந்து வந்ததும் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்ப்பேன். அதே வேலையை இங்கேயும் செய்யவைத்துவிட்டாய். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அந்தப் படத்தில் நீ உட்கார்ந்திரு. பேசக்கூட வேண்டாம்.

டிரைவர்

ஜூன் 12
ஆபரேஷன் தியேட்டர் வாசல்

என்னங்க,

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டபடி எடுத்து அனுப்பினேன். கேமராவைப் பார்த்தாலே அழுகை முட்டியது, அதனால் கடைசிவரை குனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே இருந்துவிட்டேன். அனுப்பிய பிறகும் மனசு கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

வந்து சேர்ந்தபோது உங்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி மாட்டியிருந்தீர்கள். கூப்பிட வாயெடுத்தேன். நர்ஸ் பெண் என் காதோரம் வந்து, "இப்பத்தாம்மா பிரஷர் எறங்கியிருக்கு. ஒண்ணும் பேசிடாதீங்க" என்று கெஞ்சினாள். வாயைப் பொத்திக்கொண்டு, கையெட்டும் தூரத்தில், கதவு வரைக்கும் கூடவே நடந்தேன். நீங்களோ சிரித்த முகமாகப் படத்தில் இருந்தவளோடு பேசிக்கொண்டே போனீர்கள். "திருத்தினது போதும். ஒரு தடவ நிமிந்து பாரேன்."

அவள் நிமிர்ந்திருக்க மாட்டாள். நான் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

கதவைச் சாத்தி வெகுநேரம் ஆகிறது. திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். வேறு யாரையோ கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போகிறார்கள்.

வாத்தியாரம்மா