பழைய காயம்: இல்லை

அக்கா,

இன்று சாலைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை வாசலில் அடிபட்ட இடத்தில் தடவும் முறிவெண்ணெய்ப் புட்டி விழுந்து உடைந்திருந்தது. கடைக்காரர் மரத்தூளைப் போட்டு ஒற்றிக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. ஆரியசாலையில் எங்கள் வீட்டு மாடியில் நீங்கள் குடியிருந்த மூன்று வருடமும் படிக்கட்டெல்லாம் இதே வாசனைதான். "மாடியில ஆளைக் குடிவெச்சோமா, வைத்தியசாலை வெச்சோமா?" என்று அம்மா கேட்பாள். உங்கள் காதில் விழும்படியாகத்தான் கேட்பாள். நீங்கள் சிரித்துக்கொண்டே படியேறுவீர்கள்.

போட்டி மேடையில் வாங்கும் குத்துகளால்தான் உங்களைப் போன்ற குத்துச்சண்டைக்காரர்கள் முடங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். "மேடையில இருவது நிமிசம்கூட கிடையாது மக்ளே," என்றீர்கள். "அதுக்கு முன்னால மூணு மாசம் ஜிம்முல கூட்டுக்காரிகள்ட்டயே அடி வாங்கணும். எனக்க ஒடம்பு அங்கதான் போச்சு."

தோளும் அங்கேதான் போனது. பயிற்சியில் வலது தோள் மூட்டு நழுவியது. மூன்று மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். போட்டிக்கு இருந்ததோ ஐந்து வாரம். உங்கள் எடைப் பிரிவில் எதிராளி கிடைக்கவே ஒரு வருடம் காத்திருந்தீர்கள். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வாரத்தில் கையைத் தாங்கியிருந்த தூக்குத்துணியைக் கழற்றிவிட்டுப் பயிற்சிக்குப் போனீர்கள்.

உங்கள் படிவங்களை எல்லாம் ஆங்கிலத்தில் நிரப்பித் தருவது நான்தான். அந்தப் போட்டிக்கான மருத்துவப் படிவத்திலும் பெயர், எடை, ரத்த வகை எழுதி முடித்தேன். அடுத்த கட்டம், பழைய காயங்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்த்தேன்.

"மறைச்சா தப்பாடி? நீ படிச்ச பிள்ளயில்லா, நீயே சொல்லு."

நழுவிய மூட்டு ஆறாமல் மறுபடி அடிபட்டால் என்ன ஆகும் என்று அதற்கு முந்தின வாரம்தான் தேடித்தேடிப் படித்திருந்தேன். ஆனால் என்னுடன் வேலை பார்ப்பவர்களிடம் உங்கள் சுவரொட்டியைக் காட்டிவிட்டிருந்தேன். முன்வரிசையில் உட்காரப்போவதாகவும் சொல்லியிருந்தேன். "எல்லாரும் மறைக்கத்தானே செய்றாங்க, அக்கா," என்றேன். எழுதினேன், இல்லை என்று.

மூன்றாவது சுற்றில் வலது கையை வீசினீர்கள். வீசிய கை திரும்பி வரவில்லை. முன்வரிசையில் இருந்ததால் உங்கள் முகத்தை நன்றாகவே பார்த்தேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பப் பயிற்சிக்குப் போனபோது வலதைக் காப்பாற்ற இடதிலேயே குத்திக் குத்தி, இடது முழங்கையும் வீங்கியது. மறுபடி ஓய்வு. உங்களுக்கு மடி பிடித்துவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று ஜிம்மில் பேசினார்கள். நானும் ஒருநாள் படிக்கட்டில் நின்று, "இன்னும் சரியாகலையா?" என்று கேட்டேன். இடது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினீர்கள்.

ஒன்றரை வருடம் அப்படியே கழிந்தது. அப்புறம் அந்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டீர்கள். காய்ச்சலுக்கும் தோளுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றரை வருடம்தான். அதை மாடி அறையில் கழிக்க வைத்ததில் என் கையெழுத்துக்கும் பங்குண்டு.

போன மாதம் உங்கள் ஜிம்மிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. அந்தக் கட்டம் வந்ததும் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"இல்லேன்னு எழுதுங்க சேச்சி. எல்லாரும் மறைக்கத்தானே செய்றாங்க? நம்ம அக்கா எப்பவும் சொல்லுமல்லோ."

அது நான் சொன்னது, அக்கா. உங்கள் வாயிலிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. அதை அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "இதை மட்டும் நீயே எழுதிக்கோ," என்றேன். அவள் என்ன எழுதினாள் என்று தெரியாது. அந்த வாக்கியம் உங்களுடையது என்றே நம்பிப் போனாள்.