நீங்கள் மாட்டிவிட்டுப் போன லென்ஸ்

ஒரு நாளும் என்னைக் கிண்டல் பண்ணாமல் விடாத என் அன்பு மாப்பிள்ளைக்கு,

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். போன வாரம் உங்கள் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவன், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வெயிலில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் நான் ஃபோகஸ் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். அந்தத் துணியில் இன்னும் உங்கள் மூக்குப்பொடி வாசம் இருக்கிறது. நான் அதோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

நம் மீனாவுக்கு ஏழாம் மாதம். காட்டூர் வீட்டில் வளைகாப்பு வைத்தோம். "போன்ல வேணாம் மாமா. அப்பாவோட பெரிய கேமராவிலதான் எடுக்கணும்" என்று ஒரே பிடிவாதம். உங்கள் மகள்தானே! அந்த மரக் கேமராவுக்கு லென்ஸ் தகடு கடைந்து கொடுத்ததைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அரியமங்கலத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், ஐந்தாவதோடு நின்றவன். முதல் தகட்டில் ஓட்டையைப் பெரிதாகப் போட்டதற்கு, "இதுல லென்ஸ் நிக்காது மச்சான், வேணும்னா இட்லி ஊத்தலாம்" என்றீர்களே, பட்டறையில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "சின்ன லென்ஸ் போட்டா அதுக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கிற முன்பலகையைக் கீழ இறக்கிடணும் மச்சான். இல்லாட்டி உங்க தொப்பை மாதிரி அதுவும் படத்துக்குள்ள வந்துடும்" என்றும் சொன்னீர்கள். தொப்பை மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

கேமராவைத் தெருவில் நிறுத்தினோம். பின்கண்ணாடியில் பார்த்தால் மீனாவின் முகமும் நாலு வளையலும்தான் தெரிந்தன. மாட்டியிருந்தது நீள லென்ஸ். ஆற்றில் தண்ணீர் வந்ததும் இக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் கோபுரத்தைப் பிடிக்க வேண்டும் என்று மாட்டி வைத்தீர்களே, அதே லென்ஸ். தண்ணீர் வந்தது மாப்பிள்ளை. நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

"இதைக் கழட்டிட்டுச் சின்னதைப் போட்டாதான் எல்லாரும் படத்துல விழுவாங்க" என்றேன். என் தங்கை செல்வி அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, அது அவரு கையால மாட்டினது."

ஒரு வருஷமாகக் கேமராவைத் துடைத்து வைத்தவள், அந்தத் தகட்டை மட்டும் தொட்டதில்லையாம். எனக்கும் கை வரவில்லை. தகட்டைச் செய்தது நான், கடைசியாகத் தொட்டது நீங்கள். "அப்ப வேணாம்மா, போன்லயே எடுத்துக்குவோம்" என்றேன்.

மீனா வளையல் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். செல்வி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேராக வந்து, மேல் தாழ்ப்பாளைத் தள்ளி, தகட்டோடு லென்ஸை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டாள். அதை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். நான் சின்ன லென்ஸை மேல்பக்கமாகத் திணிக்கப் பார்த்தேன்.

"ஐயோ, கீழ்ப்பக்கம் முதல்ல உக்காரணும்ணே! அப்புறம் மேல சாய்ச்சு, தாழ்ப்பாளை இழுங்க. அவருக்கு எத்தனை வருஷம் எடுத்துக் குடுத்திருக்கேன்!"

"எல்லாம் தெரிஞ்சுமா என்னைத் திண்டாட விட்டே?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

'டக்'கென்று பூட்டியது. முதலில் சொன்னேனே, அப்போதுதான் துணிக்குள் போய் நின்றேன். பின்கண்ணாடியில் எப்போதும் போல எல்லாரும் தலைகீழாக நின்றார்கள். செல்விக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யார் சொல்லி விட்டார்களோ? மேலே ஏதோ கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. துணியின் ஓரம் என்று நினைத்துக்கொண்டேன். கண் சரியாகத் தெரியவில்லை. மூக்குப்பொடி காரம் அப்படி.

நீள லென்ஸ் உங்கள் கைக்குட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. வருகிற ஆடியில் தண்ணீர் வரட்டும். செல்வியைக் கரைக்குக் கூட்டிப்போய், அவள் கையாலேயே மாட்டச் சொல்லி, அந்தக் கோபுரத்தை உங்களுக்காக எடுத்துவிடுகிறேன். சத்தியம்.

பிலிமைக் கழுவிப் படம் நேற்று வந்தது. எல்லாரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே யாருக்கும் கால் இல்லை. அங்கே உங்கள் கேமராவின் முன்பலகை இருக்கிறது.

இப்படிக்கு,
பலகையை இறக்காத உங்கள் மச்சான்,
அரியமங்கலம்.