ஒட்டாத தண்ணீருக்குப் போட்ட கோடுகள்

அன்பு மகன் லிங்கேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன், உன் அப்பா காலில் போட்டிருக்கும் மாவுக்கட்டு விடவில்லை. நீயாவது அந்தக் குளிர் நாட்டில் கைகால் சுகத்தோடு இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் தங்கச்சி மோகனாவுக்கு ரவாங் ஃபேக்டரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அது ஒன்றுதான் நல்ல சேதி.

தீபாவளிக்கு வந்தபோது கோயில் நோட்டீசின் பின்பக்கம் ஒரு படம் போட்டாயே, ஞாபகமிருக்கிறதா, தண்ணீர் ஓட்டத்தைப் படிக்கப் போன தண்ணீர் டாக்டரே? திருவிழா முடிவில் கரகத்தைக் கரைக்க இறங்கினால் வாய்க்கால் தண்ணீர் முட்டியைத் தள்ளுகிறது, எங்கே நிற்கலாம் என்று அப்பா கேட்டார். கயிறு கட்ட நடுவில் நட்டிருக்கும் சிமெண்டுத் தூணை வட்டமாகப் போட்டு, இரண்டு பக்கமும் தலையை வகிடெடுத்துச் சீவினதுபோல் கோடு கோடாய் இழுத்தாய். ஒரு கோட்டுத் தண்ணீர் அடுத்த கோட்டைத் தாண்டாதாம், கோட்டுக்குக் கோடு ஓர் எண்ணாம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நடுவில் எவ்வளவு தண்ணீர் போகிறதென்று தெரிந்துவிடுமாம். முன்னால் பிரிந்த தண்ணீர் பின்னால் சமர்த்தாய்ச் சேர்ந்துகொள்ளும், தூணை ஒட்டிப் பின்பக்கம் ஒரு புள்ளியில் அசையாமல் நிற்கும், அங்கே நில்லுங்கப்பா என்றாய். அந்த மனுஷர் அதைத் தஞ்சோங் காராங் டவுன் கடையில் லேமினேட் செய்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தூணுக்குப் பின்னால் குப்பையெல்லாம் சுத்துதே என்று நான் கேட்டதற்கு, ஒனக்கு என்னா தெரியும், புள்ள படிச்சிருக்கான் லா என்றார்.

போன வெள்ளிக்கிழமை திருவிழா. நடவுக்கு மதகு திறந்து தண்ணீர் வேகமாய் வந்தது. நீ புள்ளி வைத்த இடத்தில் கரகத்தோடு போய் நின்றார். அங்கே தண்ணீர் சுழன்று சுழன்று பள்ளம் பறித்து வைத்திருந்தது. கால் உள்ளே போய் மடங்கி முறிந்தது, கரகம் தலையிலிருந்து கவிழ்ந்து அடித்துக்கொண்டு போனது. மோகனா போனில் அழுததற்கு நீ சொன்ன பதில், அது ஐடியல் ஃப்ளோ, ஒன்றிலும் ஒட்டாத தண்ணீருக்குப் போட்ட கணக்கு. அடப்பாவி, அந்தத் தண்ணீர் எந்தக் கடையில் விற்கிறது? இங்கே ஓடுவது சேறு, செருப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் விடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கற்றுக்கொள்ளவா விமானம் ஏறிப் போனாய்?

கால் கூடிவிடும். கரகம் கவிழ்ந்தால் நம் ஆட்கள் என்ன சொல்வார்களென்று உனக்குத் தெரியாதா? விரதத்தில் குறை என்றுதான். கோயில் தலைவர் சிவநேசன் வீட்டுக்கே வந்து, அண்ணே, சுத்தமாதான் இருந்தீங்களா என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷம் கரகம் எடுத்தவரை, நாற்பத்தெட்டு நாள் வெறும் பாயில் படுத்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? படத்தைக் காட்டலாமென்று எழுந்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆமாங்க தலைவரே, ஒரு நா தவறிட்டேன், அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கங்க என்றார். தலைவர் போன பிறகு, புள்ள படிப்ப யாரும் ஒரு சொல்லு சொல்லிடக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் தப்பை மறைக்க சாமி காரியத்தில் பொய் சொல்லியிருக்கிறார், புரிகிறதா?

வருகிற பௌர்ணமிக் கூட்டத்தில் வேறு ஆள் பேரை எழுதப் போகிறார்கள். அதற்குள் தலைவருக்குப் போன் போட்டு, நான் சொன்ன இடம்தான் தப்பு, அப்பா விரதத்தில் குறையில்லை என்று உன் வாயால் சொல். மறந்துவிடாதே. காலுறை போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நூறு வயசு நன்றாயிரு. நீ சொல்லாவிட்டாலும் அப்பா உன்னை ஒன்றும் கேட்கமாட்டார். நேற்றுக்கூடக் கட்டைப் பார்க்க வந்த நர்ஸிடம், எம்மவன் தண்ணியப் பத்திதான் பெரிய படிப்பு படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
உன் அம்மா
லீலாவதி நல்லசாமி