கதவோரத்து ஆணி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய மாப்பிள்ளை படம் கிடைத்தது. நல்ல முகம்தான். ஆனால் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே.

போன முறை வந்தபோது என் கதவோர ஆணியைப் பார்த்து, "ஒத்த ஆளுக்கு எதுக்குடி இத்தன சாவி?" என்று சிரித்தாய். எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுச் சாவிகள். இன்று காலை எதிர்வீட்டுக்காரி பிரசவ வலியோடு கிளம்பும்போது, சாவியோடு மூத்த குழந்தையையும் என்னிடம் கொடுத்து, "நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமாப் போறேன்" என்றாள். குழந்தை இப்போது என் மடியில் தூங்குகிறது. கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

எனக்கொரு துணை வேண்டுமென்று தினமும் முழங்காலில் நிற்கிறாயே, ஆண்டவர் என்னைத் தனியாக விடவே இல்லை, அக்கா. இனி அவரிடம் மாப்பிள்ளை கேட்காதே. கேட்டே தீருவேன் என்றால் இன்னொரு ஆணி கேள். இது நிறைந்துவிட்டது.

உன் வாயாடித் தங்கை